இரண்டு சாவிக் கடிகாரம்

மார்ச் 2, சனிக்கிழமை

அன்புள்ள அண்ணிக்கு,

திட்டுவதாக இருந்தால் முதலில் திட்டி முடித்துவிடுங்கள், பிறகு படியுங்கள். நான்கு மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது கடிதத்தோடு வந்து நிற்கிறேன். முகவரியை உங்கள் பழைய மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியிடம் கெஞ்சி வாங்கினேன். நீங்கள் மாற்றிக்கொண்ட தொலைபேசி எண்ணைக் கேட்டதற்கு, அதை மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டார். அண்ணனிடம் எதுவும் கேட்கவில்லை, எழுதப்போவதைச் சொல்லவும் இல்லை. அண்ணன் வீட்டுக் கடிதம் என்று கிழித்துவிடாதீர்கள். இது கடிகார விஷயம்.

போன மாதம் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவருக்கு மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும் கட்டிக் கொடுத்தேன். மனிதர் பல்லைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அப்படியே என் மேசையில் பற்களுக்கு நடுவே கிடந்த ஒரு பல்சக்கரத்தைப் பார்த்து, இது யார் வாய்க்கு என்று கேட்டார். நம் கடிகாரப் பைத்தியத்தைச் சொன்னேன். மறுநாள் ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே பதினொரு கைக்கடிகாரங்கள். பதினொன்றும் பிணம்.

பத்தை விடுங்கள். பதினொன்றாவதில் சாவி கொடுக்கும் குமிழ் இரண்டு இருக்கிறது, அண்ணி. இரண்டு! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்மூடியைத் திறந்தால் ஓரத்தில் குண்டூசித் தலையளவு ஒரு சுத்தியல். கையில் கட்டிக்கொள்கிற அலாரம். பேட்டரி கிடையாது, எல்லாம் சுருள்வில் வேலை. படத்தில்தான் பார்த்திருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா? டயல் துருவேறி மண்ணாகிவிட்டது, மேல் கண்ணாடி உடைந்திருக்கிறது, மணி அடிக்கும் பக்கம் அசையவே இல்லை. ஆனால் உயிர் இருக்கிறது என்று என் விரல் சொல்கிறது.

ஜூன் 8 பழைய கடிகாரக்காரர்களின் கண்காட்சி. இந்தத் தடவை நீங்கள் இருக்கும் ஊரில்தான் நடக்கிறது. சொந்தமாக மாற்றி அமைத்த கடிகாரங்களுக்குத் தனி மேசை உண்டு. வருஷா வருஷம் அடுத்த வருஷம் என்றோமே, இதுதான் அந்த வருஷம். இயந்திரமும் டயலும் என் பாடு. கூடும் மேல் கண்ணாடியும் உங்கள் பாடு. சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், கூட்டைப் பஞ்சில் சுற்றி அனுப்பிவைக்கிறேன்.

உங்கள் பதிலுக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
நாத்தனார்


மார்ச் 11

பல் கட்டும் மகாராணிக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். "இரண்டு சாவி" என்பது கண்ணில் பட்டுத் தொலைத்தது.

சுத்தியல் தாராளமாக ஆடுகிறதா, பழைய எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அலாரத்தின் மெயின் ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறதா, நழுவுகிறதா? பின்மூடியின் உட்புறம் ஒரு சின்ன முளை இருக்க வேண்டும், சுத்தியல் அதில்தான் அடிக்கும். அது தேய்ந்திருந்தால் சத்தம் எழும்பாது. இதற்கெல்லாம் பதில் வரும்வரை எதையும் கழற்றாதே. நீ கழற்றியிருப்பாய். உன் அவசரம் எனக்குத் தெரியாதா? நாம் இருவரும் சேர்ந்து முதல் கடிகாரத்தைக் கொன்றதே உன் அவசரத்தால்தான். என் பிடிவாதமும் கொஞ்சம் கூட இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

கூட்டை அனுப்பு. நான் இருப்பது ஒரு தையல்கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே தையலம்மா இயந்திரத்தை மிதித்தால் மேலே என் மேசை நடுங்கும். மேசைக் கால்களுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை நாலு துண்டாக வெட்டி வைத்த பிறகு பரவாயில்லை. பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் வில்லைகளின் ஓரம் தேய்க்கிறேன். புது முதலாளி நல்லவர், வேலைக்கு நடுவில் மட்டும் பாடுவார்.

ஒரு நிபந்தனை. உன் அண்ணனைப் பற்றி ஒரு வரிகூட வரக்கூடாது. இளைத்துவிட்டார், தனியாகச் சமைக்கிறார் என்றெல்லாம் ஓரத்தில் எழுதினாலும் கூட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். மே மாதம் விவாகரத்துப் பத்திரம் தயாராகிவிடும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பிஸ்கட் டப்பாவை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். எட்டு மாதம் அந்தக் கடிகாரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவி, நூற்றுப் பதினேழு பாகங்களையும் நீ கொடுத்த பல் பெட்டிகளில் வரிசையாக வைத்து மூடியிருந்தேன். நான் மூன்று நாள் ஊரில் இல்லை. விருந்தாளி வருகிறார்கள், மேசை அசிங்கமாக இருக்கிறது என்று அத்தனையையும் வாரி டப்பாவில் கொட்டிவிட்டாரே, அந்த மனிதர். இன்னும் திறக்கவில்லை. ஜன்னலில் இருக்கிறது. மனசு தளரும்போது எடுத்து ஒரு ஆட்டு ஆட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டால் போதும், நிமிர்ந்துவிடுவேன்.

சரி, கூடு பத்திரம். பஞ்சு வேண்டாம், நூல் உள்ளே போகும். மெல்லிய காகிதத்தில் சுற்று.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

டப்பாவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். இரண்டு மூன்று தடவை படித்தேன். அதற்குப் பதில் எழுத வரவில்லை, மன்னியுங்கள். கடிகாரத்துக்கு வருகிறேன்.

கழற்றிவிட்டேன். சுத்தியல் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் பல் மருத்துவமனைப் பின்னறையில், பல் செட்டு கழுவும் அதிர்வுத் தொட்டியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டு எடுத்தேன். முப்பது வருஷ எண்ணெய், கறுப்பு மையாகக் கரைந்து போனது. ஒரு குட்டிச் சக்கரம் மட்டும் யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நல்லவேளை, வாய்க்குப் போகுமுன் பார்த்துவிட்டேன். அலாரத்தின் மெயின் ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. செருப்புப் பெட்டியில் இருந்த மற்ற பத்துப் பிணங்களில் ஒன்றின் வில் அளவு ஒத்துப்போனது.

இப்போது முக்கியமான விஷயம். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

டயலுக்கு வண்ணம் பூசலாம் என்றுதான் இருந்தேன். போன வியாழன் ஒரு பல்லுக்குப் பீங்கான் பொடி குழைத்துப் பூசிச் சூளையில் வைத்தேன். வைத்துவிட்டுக் கதவை மூடும்போது தலையில் மணி அடித்தது. உலோகத் தகட்டின் மேல் பீங்கான் சுட்டு எடுப்பதுதானே எனக்குத் தினமும் வேலை? அதையே வட்டமாகச் செய்தால் என்ன? பல்லுக்கான உலோகத்தில் காசளவு வட்டம் வெட்டி, நடுவில் முள்ளுக்குத் துளை போட்டு, பீங்கான் பூசிச் சுட்டேன். முதலாவது துளையிலிருந்து விரிசல் விட்டது. இரண்டாவது அப்பளமாக நெளிந்தது. மூன்றாவதைச் சூளையிலிருந்து எடுக்கும்போது டாக்டர் பின்னால் வந்து நின்றிருக்கிறார். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா இவ்வளவு தட்டையா ஒரு பல்லு?" என்றார். நான் சொன்ன பதில்கூட எனக்கு ஞாபகம் இல்லை. மூன்றாவது டயல் நெளியவில்லை, வெடிக்கவில்லை. அண்ணி, நம் கடிகாரத்துக்குப் பல்லால் ஒரு முகம்.

கூட்டோடு பல் நிற அட்டையையும் சேர்த்து அனுப்புகிறேன். பதினாறு வெள்ளை இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அந்த நிறத்தில் கடைசிப் பூச்சு சுடுகிறேன். தயவுசெய்து முதல் வெள்ளையைக் கேட்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், போட்டுக்கொண்டு சிரித்தால் சுண்ணாம்படித்த சுவர்போல இருக்கும்.

நாத்தனார்


ஏப்ரல் 8

சூளைக்காரிக்கு,

நீ ஒரு கிறுக்கு. இதைவிட நல்ல யோசனை இந்த வருஷம் யாருக்கும் வந்திருக்காது.

நிற அட்டையைக் கடைக்கு எடுத்துப்போய், வெயிலில் ஒரு தடவை, குழல்விளக்கில் ஒரு தடவை, முதலாளியின் பல்லோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் பாட்டை நிறுத்திவிட்டார். ஏ-3 தான். லேசாக மஞ்சள் ஓடுகிற, நாற்பது வயதுப் பல்லின் நிறம். உழைத்த வெள்ளை. எண்களைக் கறுப்பில் எழுதாதே, கரும்பழுப்பில் எழுது.

மேல் கண்ணாடி முடிந்தது. கடையில் பவர் தப்பிப்போன வில்லைகளைப் போடுகிற கூடை ஒன்று உண்டு. அதில் கிடந்த கனமான ஒன்றை எடுத்து வட்டமாக வெட்டி, ஓரம் தேய்த்து, மேலே மெல்லிய குவிவு விட்டிருக்கிறேன். எண்கள் ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரியும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டும் மணி பார்க்கலாம். மூன்று வில்லை பாழானது, நாலாவது கூட்டில் உட்கார்ந்தபோது "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது பார், எழுந்து அறையை இரண்டு சுற்றுச் சுற்றினேன். பின்மூடி முளையும் நன்றாக இருக்கிறது. கூட்டை இதோடு அனுப்புகிறேன்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நிபந்தனை போட்டவளே மீறுகிறேன். உன் அண்ணன் வக்கீல் வழியாக ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கிறார். திரும்பி வந்துவிடு, மேசையைத் தனி அறையில் போட்டுக்கொள் என்று. உண்மையைச் சொல்கிறேன், ஆடிப்போய்விட்டேன். பதினாலு வருஷம் ஒன்றாக இருந்தாயிற்று. இரண்டு நாள் பெட்டியைக்கூடப் பார்த்து வைத்தேன். பிறகு டப்பாவை எடுத்து ஆட்டினேன். அந்த டப்பா மட்டும் இல்லையென்றால் போயிருப்பேன். என் எட்டு மாதத்தை வாரிக் கொட்டிய கையோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பது? மே 20 கையெழுத்துப் போடுகிறேன்.

மணி அடித்ததும் உடனே எழுது.

அண்ணி


ஏப்ரல் 21, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

அடித்துவிட்டது.

நேற்று மதியம் பூட்டி முடித்தேன். அலாரம் முள்ளைப் பன்னிரண்டரையில் வைத்து, இரண்டு குமிழையும் திருகிச் சாவி கொடுத்து, மேசைமேல் குப்புற வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். பன்னிரண்டு இருபத்தொன்பதுக்கு எனக்கு மூச்சே வரவில்லை. சரியாக ஒரு நிமிஷம் கழித்துக் கத்தியது பாருங்கள், வெட்டுக்கிளியைத் தகர டப்பியில் அடைத்ததுபோல! கத்திக்கொண்டே மேசையில் நகர்ந்தது. நகர்ந்துபோய் வரிசையாக வைத்திருந்த பல் செட்டுகள்மேல் மோதியது. அவ்வளவுதான், அத்தனை பல்லும் கடகடவென்று அடித்துக்கொண்டன. முன்னறை நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். பதினாறு வினாடி. நான் எண்ணினேன். ஏ-3 முகத்தில் கரும்பழுப்பு எண்கள், உங்கள் வில்லைக்கு அடியில் மிதக்கிற மாதிரி இருக்கின்றன.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகுதான், உங்களிடம் சொல்ல வேண்டியது வேறொன்று என்று உறைத்தது. இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த டப்பாவில் கொட்டியது அண்ணன் இல்லை. நான்.

நீங்கள் உங்கள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தீர்கள். வருவதற்குள் அதைப் பூட்டி, ஓடவிட்டு, உங்களை அசத்த வேண்டும் என்று ஆசை. மெயின் ஸ்பிரிங்கை அதற்கான கருவியில் சுற்றாமல் விரலாலேயே சுற்றித் திணித்தேன். முக்கால்வாசி போய்விட்டது. பிறகு கையைவிட்டுத் துள்ளியது. நான் பதறிப் பின்வாங்கியதில் முழங்கை இடித்து உங்கள் பெட்டிகள் எல்லாம் தரைக்குப் போயின. வாசலில் விருந்தாளிகளின் குரல். என் பையில் வேலைக்கான காந்தம் இருந்தது. காந்தத்தால் பொறுக்கினேன், அண்ணி. எஃகுப் பாகம் ஒவ்வொன்றையும், மயிரிழைபோன்ற ஹேர் ஸ்பிரிங்கைக்கூட. கடிகாரம் தெரியாத ஒருவர் வாரிக் கொட்டியிருந்தால் வரிசை மட்டும்தான் போயிருக்கும். தெரிந்த நான் அத்தனையிலும் காந்தம் ஏற்றி, இனி எதுவும் ஒழுங்காக ஓடாதபடி செய்து, கையில் கிடைத்த டப்பாவில் போட்டு மூடினேன்.

நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "இது யாரு பண்ணது?" என்று கேட்டபோது நான் கதவோரம் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். அண்ணன் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நான்தான். விருந்தாளி வந்தாங்க, மேசை அசிங்கமா இருந்துச்சு, அள்ளி வச்சேன். அந்தக் குப்பைக்கா இவ்வளவு சண்டை?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் போன பிறகு, சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். "இப்ப சொன்னா உன்னையும் விட்டுடுவா. பேசாம இரு" என்றார். அது எனக்கு வசதியாக இருந்தது. அதுதான் உண்மை.

டப்பா இல்லையென்றால் போயிருப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் அண்ணன் கை படவே இல்லை. கையெழுத்துக்கு முன் இது உங்களுக்குத் தெரிய வேண்டும். என்னை வெறுத்தாலும் பரவாயில்லை என்று எழுதிப் பார்த்தேன். எழுதி அடித்துவிட்டேன். பரவாயில்லை இல்லை.

நாத்தனார்


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே தூரத்திலேயே கையை விரித்துக் காட்டுகிறார்.

கடிகாரம் ஒரு நாளைக்கு நாலு வினாடி பிந்துகிறது. திருத்தலாம், ஆனால் நீங்கள் பார்க்காமல் இனி அதில் கை வைக்க மனம் வரவில்லை. கண்காட்சிப் படிவத்தில் செய்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பேரையும் எழுதி அனுப்பிவிட்டேன். உங்களுக்கு வேண்டாம் என்றால் அவர்களுக்கு ஒரு வரி எழுதினால் அடித்துவிடுவார்கள்.

அண்ணன் பேச்சை நான் எடுக்கவில்லை. வீடு திரும்புங்கள் என்று கேட்கவும் இல்லை. கிடைத்தது என்று மட்டும் எழுதுங்கள்.

நாத்தனார்


மே 29

அடியே,

கிடைத்தது. ஏப்ரல் முடியுமுன்பே கிடைத்துவிட்டது.

நாலு நாள் உன்னை வாய் ஓயாமல் திட்டினேன். யாரோடு சண்டை என்று தையலம்மா மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார். பல்லெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டதை நினைத்துத் திட்டுக்கு நடுவிலேயே சிரிப்பு வந்தது, அதற்கும் சேர்த்துத் திட்டினேன். பிறகு டப்பாவைத் திறந்தேன். எஃகெல்லாம் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஒரு உருண்டையாகக் கிடந்தது. ஆட்டி ஆட்டிப் பார்த்தவள் ஒரு நாள் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். உன் அண்ணன் கையில் காந்தம் ஏது?

ஐந்தாம் நாள் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நீங்கள் செய்யவில்லையாமே என்று கேட்டேன். "அவ முகத்தைப் பாத்தேன். அழுதுடுவான்னு தோணுச்சு" என்றார். குப்பை என்று சொன்னது யாருக்காக என்று கேட்டேன். "அது குப்பைதானே" என்றார். கோபமில்லாமல், மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு நான் ஒன்று கேட்டேன். "நான் அழுவேன்னு உங்களுக்கு ஒரு நாளாவது தோணியிருக்கா?" தோணியிருக்கு என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவும் தெரியாத மனிதர், அன்று உனக்காகச் சொன்னது ஒன்றுதான். உனக்காக ஒரு நொடியில் பழியைத் தூக்கிப் போட்டுக்கொண்டவர், பதினாலு வருஷத்தில் எனக்காக ஒரு சொல் விட்டுக்கொடுத்ததில்லை.

மே 20 போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்தனை மாதம் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதை நீ பிடுங்கிய பிறகு விழுந்துவிடுவேன் என்று பயந்தேன். விழவில்லை. ஆகையால் அண்ணன் குடும்பம் உன்னால் கெட்டது என்று ஊரைக் கூட்டி அழாதே. அவ்வளவு பெரிய ஆள் இல்லை நீ.

ஆனால் உன்மேல் உள்ள கோபம் போகவில்லை. கடிகாரம் போனதற்குக் கோபம் இல்லை, நானும் விரலால் ஸ்பிரிங் சுற்றியவள்தான். டப்பாவை ஆட்டிப் பார்க்கிறேன் என்று எழுதியவளுக்கு நீ பல் நிற அட்டையை அனுப்பினாய். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இனி சட்டப்படி நீ எனக்கு யாரும் இல்லை. நாத்தனார் ஆயிற்றே என்று பொறுத்துப்போகிற கட்டாயம் தீர்ந்தது. பொறுப்பதும் பொறுக்காததும் என் இஷ்டம். இந்த ஒன்பது நாளும் அதைத்தான் யோசித்தேன். யோசிக்க உட்கார்ந்தால், நாலு வினாடி பிந்துவது நிமிர்த்தி வைத்தாலா, படுக்க வைத்தாலா என்ற கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அதை உன்னிடம் அல்லாமல் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

படிவத்தில் பெயரை அடிக்கச் சொல்லி யாருக்கும் எழுதவில்லை. எட்டாம் தேதி காலை ரயிலில் வா, நிலையத்தில் நிற்பேன். இறங்கியதும் கடிகாரத்தை வெளியே எடுக்காதே. கடிதத்தில் எழுதியதை என் முகத்தைப் பார்த்து வாயால் சொல். நீ முடிக்கும்வரை நான் குறுக்கே பேசமாட்டேன். அப்புறம் கத்துவேன், அதையும் நின்று கேட்டுக்கொள். எல்லாம் முடிந்து இரண்டு பேரும் கண்காட்சிக்கு நடந்தே போகலாம், பதினைந்து நிமிஷம்தான்.

அண்ணி